படகு ஒருவருடையது, ஓட்டம் இன்னொருவருடையது: மிசிசிப்பிக் கரையின் நாவூ நகரை வைத்து நீராவிப் படகுக் குத்தகை பற்றி ஓர் எளிய விளக்கம்

குத்தகை என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு நிலமே நினைவுக்கு வருகிறது. நிலம் ஒருவர் பெயரில் இருக்கும், உழுது பயிரிடுபவர் வேறொருவராக இருப்பார், ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசிய தொகையோ நெல்லோ உடையவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் பெரிய ஆறுகளில் ஓடிய நீராவிப் படகுகளும் இப்படிக் குத்தகைக்கு விடப்பட்டன. ஆனால் நிலத்துக்கும் படகுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் படகுக் குத்தகையைப் புரிந்துகொள்ள முடியாது. நிலம் எங்கும் போகாது, தீப்பற்றாது, மூழ்காது. படகோ ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது, சில வேளை ஒரே இரவில் இல்லாமலும் போகிறது. ஆகவே படகைக் குத்தகைக்கு விடும்போது பேசப்படுவது வாடகைத் தொகை மட்டுமன்று. உரிமை யாருக்கு, ஓட்டும் அதிகாரம் யாருக்கு, இழப்பு வந்தால் அது யார் தலையில் விழும் என்ற மூன்று கேள்விகளும் அங்கே தனித்தனியாகப் பிரிகின்றன. சொந்தப் படகைத் தானே ஓட்டுகிறவரிடம் இம்மூன்றும் ஒன்றாகவே இருப்பதால் அவருக்கு இவற்றைப் பிரித்துப் பார்க்கும் தேவை எழுவதில்லை. மூன்றாவது கேள்விக்கான விடையைத் தாளில் எழுதி வைக்கிறார்களா என்பதைப் பொறுத்தே ஒரு குத்தகை நன்மையாகவோ தீமையாகவோ முடிகிறது என்பது என் உறுதியான கருத்து.

இதை விளக்க இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பிந்தைய நாள் புனிதர்கள் என்று தங்களை அழைத்துக்கொண்டவர்களும் மார்மன்கள் என்று பிறரால் அழைக்கப்பட்டவர்களுமான சமயச் சமூகத்தினர், மிசௌரி மாநிலத்திலிருந்து விரட்டப்பட்டு, 1839இல் மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையில் ஒரு சதுப்பு நிலத்தில் குடியேறி எழுப்பிய நகரம் அது. அவர்களுடைய தலைவர் ஜோசப் ஸ்மித். மூன்று பக்கமும் ஆறு வளைந்து ஓடும் அந்த நிலமுனையில் சில ஆண்டுகளிலேயே பல ஆயிரம் பேர் குடியேறினார்கள். 1846இல் அவர்களில் பெரும்பாலோர் மேற்கு நோக்கிப் புறப்படும்வரை, அந்த நகரத்துக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி ஆற்றின் வழியாகவே வந்தது. கோயில் கட்டுவதற்கான பைன் மரம் வடக்கே விஸ்கான்சின் காடுகளிலிருந்து ஆற்றோடு மிதந்து வந்தது. மதம் மாறிய ஆங்கிலேயக் குடும்பங்கள் லிவர்பூலில் கப்பலேறி, நியூ ஆர்லியன்சில் இறங்கி, அங்கிருந்து செயின்ட் லூயி வழியாக நீராவிப் படகில் ஆற்றை எதிர்த்து ஏறி வந்தன. சமூகத்துக்குச் சொந்தமாக ஒரு படகு இருந்தால் அந்தப் பயணக் கட்டணம் வெளியார் கைக்குப் போகாமல் சமூகத்துக்குள்ளேயே தங்கும் என்ற எண்ணம் அங்கே எழுந்தது இயல்பானதே.

அந்த இடத்தில் ஆற்றின் அமைப்பையும் சொல்லியாக வேண்டும். நாவூவுக்கு அருகில் தொடங்கித் தெற்கே கியோக்கக் என்ற ஊர்வரை, சுமார் 11 மைல் நீளத்துக்கு, அக்காலத்தில் ஆறு சுண்ணாம்புப் பாறைத் தளத்தின்மீது ஆழமின்றி விரைந்து ஓடியது. இதை டி மாயின் விரைவோட்டம் என்றார்கள். அந்தத் தூரத்துக்குள் நீர்மட்டம் ஏறத்தாழ 22 அடி இறங்கியது. கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் நீர் வற்றினால், பாரம் ஏற்றிய படகால் அதைக் கடக்க முடியவில்லை. சரக்கை இறக்கி, கீல்படகு எனப்படும் இயந்திரமில்லாத தோணிகளில் மாற்றி, இழுத்துச் சென்று, மறுமுனையில் மீண்டும் ஏற்ற வேண்டியிருந்தது. ஆகவே இந்தப் பகுதியில் நீராவிப் படகுக்குப் பேரம் பேசுகிறவர்கள் கூடவே கீல்படகுகளையும் சேர்த்துப் பேசினார்கள். இந்த விரைவோட்டம் நம் விளக்கத்தில் மீண்டும் வரும்.

இனி, குத்தகைக்குப் போகும் பொருளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மிசிசிப்பியின் நீராவிப் படகு கடற்கப்பலைப் போல ஆழமான அடிப்பாகம் கொண்டதன்று. முழங்கால் அளவோ இடுப்பளவோ உள்ள நீரிலும் மிதக்கும்படி தட்டையாகக் கட்டிய மர உடல், அதன்மேல் உயர் அழுத்தக் கொதிகலன்கள், இருபுறமோ பின்புறமோ சுழலும் துடுப்புச் சக்கரம் ஆகியவையே அதன் முதன்மையான உறுப்புகள். எரிபொருள் விறகு. எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம் கொண்ட ஓர் அடுக்குக்குக் கார்டு என்று பெயர். நடுத்தரப் படகு ஒன்று நாளொன்றுக்கு இப்படிப் பல அடுக்குகளை விழுங்கிவிடும் என்பதால், கரையோரங்களில் விறகு வெட்டி அடுக்கி விற்பதே ஒரு தொழிலாக இருந்தது. படகு கரையை ஒட்டியதும் வேலையாட்களும், குறைந்த கட்டணத்துக்கு உடலுழைப்பையும் சேர்த்து ஒப்புக்கொண்டிருந்த அடித்தளப் பயணிகளும் வரிசையாகப் பலகையில் இறங்கி, தோளில் விறகைச் சுமந்து ஏறுவார்கள். ஆற்று நீரையே கொதிகலனுக்கு இறைத்ததால் அதிலுள்ள சேறு அடியில் படியும். அதை அடிக்கடி வெளியேற்றிக் கழுவாவிட்டால் இரும்புத் தகடு சூடேறிப் பிளக்கும். ஆற்றில் வேரோடு சாய்ந்து நீருக்குள் மறைந்து நிற்கும் மரங்கள் படகின் வயிற்றைக் கிழிக்கும். இத்தனை ஆபத்துகளுக்கு நடுவே ஓடிய இத்தகைய படகுகளின் சராசரி ஆயுள் சுமார் ஐந்து ஆண்டுகள்தாம். குளிர்காலத்தில் மேல் மிசிசிப்பி உறைந்துவிடுவதால், ஓர் ஆண்டில் எட்டு ஒன்பது மாதங்களே தொழில் நடக்கும்.

இப்படிப்பட்ட பொருளைப் பிறரிடம் ஒப்படைக்க மூன்று வகை ஏற்பாடுகள் இருந்தன. முதலாவது, ஒரு பயணத்துக்கு மட்டும் படகை அமர்த்துவது. படகின் தலைவரும் ஆட்களும் உடையவரின் கீழேயே இருப்பார்கள், அமர்த்துகிறவர் பேசிய கட்டணத்தைக் கொடுத்துத் தம் ஆட்களையும் சரக்கையும் ஏற்றிக்கொள்வார். காரும் ஓட்டுநருமாக ஒருநாள் வாடகைக்கு எடுப்பதைப் போன்றது இது. இதைக் குத்தகை என்று சொல்வது சரியாகாது. இரண்டாவது, உண்மையான குத்தகை. உடையவர் வெறும் படகை ஒப்படைப்பார். குத்தகைக்காரர் தாமே தலைவரையும் ஆட்களையும் அமர்த்தி, விறகு வாங்கி, சம்பளம் கொடுத்து, கட்டணம் வசூலித்து, பேசிய தொகையை மாதந்தோறுமோ பருவ முடிவிலோ உடையவருக்குச் செலுத்துவார். மூன்றாவது, நம் வழக்கில் வாரம் என்று சொல்லக்கூடியது. நிலையான தொகை கிடையாது. செலவு போக நின்ற வருமானத்தில் உடையவருக்கு இத்தனை பங்கு, ஓட்டுகிறவருக்கு இத்தனை பங்கு என்று பிரித்துக்கொள்வார்கள். இந்த வார ஏற்பாட்டில் படகுக் கணக்கரின் ஏடு மிக முக்கியமானது. கணக்கு நேர்மையாக இல்லாவிட்டால் பங்கு என்பதற்கே பொருளில்லை.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத நான்காவது ஏற்பாடு கூட்டுரிமை. நாவூவில் மிகவும் பேர்பெற்ற படகான மெய்டு ஆஃப் ஐயோவா இந்த வகையில்தான் நடந்தது. 1842இல் ஐயோவாவில் அகஸ்டா என்ற ஊரில், லீவை மொஃபட் என்பவரும் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த டான் ஜோன்ஸ் என்ற படகுத் தலைவரும் சேர்ந்து அதைக் கட்டினார்கள். சுமார் 115 அடி நீளமுள்ள சிறிய படகு அது. ஜோன்ஸ் 1843இன் தொடக்கத்தில் மார்மன் சமயத்தைத் தழுவினார். அதே ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், ஆங்கிலேயக் குடியேறிகள் ஏறத்தாழ 200 பேரோடு அவருடைய படகு நாவூத் துறையை அடைந்தது. அடுத்த சில வாரங்களில் மொஃபட்டின் பாதியை ஜோசப் ஸ்மித் விலைக்குப் பேசி, ஜூன் 2ஆம் நாள் இரண்டு புரோநோட்டுகள் எழுதிக்கொடுத்து 1,375 டாலருக்கு வாங்கினார். அன்றிலிருந்து ஜோன்ஸ் படகைக் குத்தகைக்கு எடுத்தவர் அல்லர். பாதி உடையவரும் முழு ஓட்டுநரும் அவரே. ஸ்மித்தோ பாதி உடையவராகவும் ஓட்டத்தில் கைவைக்காதவராகவும் இருந்தார். குத்தகையில் உரிமையும் ஓட்டமும் முழுவதுமாகப் பிரிகின்றன, இங்கேயோ பாதி பிரிந்து பாதி ஒட்டியே இருக்கின்றன. வரவிலும் செலவிலும் இழப்பிலும் இருவரும் தம் பங்கின் அளவுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

இந்தப் படகின் விலையை வைத்தே குத்தகைத் தொகை எப்படிக் கணிக்கப்படும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது விளக்கத்துக்காக நான் போடும் கணக்கே தவிர, அப்படி ஒரு குத்தகை எழுதப்பட்டதாகப் பொருளன்று. பாதி 1,375 டாலர் என்றால் முழுப் படகு 2,750 டாலர். ஐந்து ஆண்டில் அது தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும் என்று வைத்துக்கொண்டால், தேய்மானம் மட்டும் ஆண்டுக்கு 550 டாலர். அந்தப் பணத்தை 6 விழுக்காடு வட்டிக்கு விட்டிருந்தால் 165 டாலர் வந்திருக்கும். இரண்டையும் கூட்டினால் 715 டாலர். ஒன்பது மாதப் பருவத்துக்குப் பிரித்தால் மாதம் 80 டாலருக்குச் சற்றுக் குறைவு. அதற்கும் குறைவான தொகைக்குக் குத்தகை விடுகிறவர் கையில் பணம் வருவதைப் பார்த்து மகிழலாம், ஆனால் உண்மையில் அவர் தம் படகையே துண்டுதுண்டாகத் தின்றுகொண்டிருக்கிறார். நிலக் குத்தகையில் பழகிய கண்ணுக்கு இந்த 550 டாலர் தெரிவதில்லை. புதிதாகப் படகில் பணம் போட்டவர்கள் ஏமாந்துபோக இதுவே முதல் வழி.

தொகை முடிவான பிறகு படகைக் கைமாற்றும் நாள் வரும். உடையவரும் குத்தகைக்காரரும் ஆளுக்கொரு சாட்சியோடு படகில் ஏறி, மேலிருந்து கீழ்வரை ஒன்றுவிடாமல் பார்த்துப் பொருட்பட்டியல் எழுத வேண்டும். நங்கூரம், கயிறுகள், சங்கிலி, சிறு தோணி, மணல்திட்டில் சிக்கினால் படகை நெம்பித் தூக்கும் கம்பங்கள், நீர் இறைக்கும் பம்புகள், சமையல் பாத்திரங்கள், படுக்கைகள் என எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். கொதிகலன் தகட்டைச் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்பார்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்துப்போன இடம் மந்தமாக ஒலிக்கும். அடித்தளத்தில் பலகையைத் தூக்கி எவ்வளவு நீர் கசிந்து நிற்கிறது என்று பார்ப்பார்கள். இந்தப் பட்டியல் ஏன் இவ்வளவு தேவை என்றால், ஒப்பந்தத்தில் “வழக்கமான தேய்மானம் நீங்கலாக, பெற்ற நிலையிலேயே திருப்பி ஒப்படைப்பேன்” என்று ஒரு வரி இருக்கும். பெற்ற நிலை எது என்று எழுதி வைக்காவிட்டால், பருவ முடிவில் ஓட்டைக் கொதிகலனை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் வாதாட வேண்டியதுதான்.

அந்த ஒரு வரிக்குள்ளேயே பெரிய சட்டப் பொருள் அடங்கியிருக்கிறது. பிறர் பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவர் கவனக்குறைவால் அதைக் கெடுத்தால் அவரே ஈடு செய்ய வேண்டும். அவருடைய தவறு எதுவுமின்றிப் பொருள் அழிந்தால் இழப்பு உடையவரையே சேரும். ஆங்கிலேய, அமெரிக்க மரபுச் சட்டத்தின் பொதுவான நிலை இது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் மட்டுமே இது மாறும். நீருக்குள் மறைந்த மரத்தில் மோதிப் படகு மூழ்கினால் அது கவனக்குறைவா, விதியா? ஆற்றில் இந்தக் கேள்விக்கு எளிதில் விடை கிடைக்காது. ஆகவே எச்சரிக்கையான உடையவர், “எக்காரணத்தால் அழிந்தாலும் குத்தகைக்காரர் இவ்வளவு தொகை தருவார்” என்று எழுதச் சொல்வார். எச்சரிக்கையான குத்தகைக்காரர் அதற்கு ஈடாகக் குத்தகைத் தொகையைக் குறைக்கச் சொல்வார். இந்தப் பேரம்தான் குத்தகையின் உயிர் என்பேன்.

வெளியாருக்கு யார் பொறுப்பு என்பது அடுத்த சிக்கல். வெறும் படகைக் குத்தகைக்கு எடுத்தவர், அந்தக் காலத்துக்கு மட்டும் உடையவரைப் போலவே சட்டத்தால் கருதப்படுவார். ஆட்களின் சம்பளம், விறகுக் கடன், மற்றொரு படகில் மோதிய சேதம் எல்லாம் அவர் கணக்கில் சேரும். ஆனால் உடையவர் இதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. மிசிசிப்பி, ஓஹையோ போன்ற ஆறுகளைச் சார்ந்த மாநிலங்கள், ஆளைத் தேடி அலையாமல் படகின் பெயர்மீதே வழக்குத் தொடுத்துப் படகையே ஜப்தி செய்ய வழிவகுக்கும் சட்டங்களை இயற்றியிருந்தன. ஓஹையோ மாநிலம் 1840இல் இயற்றிய நீரூர்திச் சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடல் வழக்குகளை விசாரிக்கும் கூட்டாட்சி நீதிமன்றங்களின் அதிகாரம் கடல்நீர் ஏறி வற்றும் பகுதியோடு நின்றுவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1825இல் சொல்லியிருந்ததால், அந்த வெற்றிடத்தை மாநிலங்கள் இப்படி நிரப்பின. 1852இல்தான் உச்ச நீதிமன்றம் அந்த நிலையை மாற்றி, உள்நாட்டு ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் கூட்டாட்சி நீதிமன்றங்களின் அதிகாரத்தை விரித்தது. நடைமுறையில் இதன் பொருள் என்ன? குத்தகைக்காரர் விறகுக்காரருக்கோ கொல்லருக்கோ பணம் கொடுக்காமல் போனால், அவர்கள் போய்ப் பிடிப்பது குத்தகைக்காரரின் சட்டையை அன்று, உடையவரின் படகை. பேசிய வாடகை வரவில்லை என்பதோடு நில்லாமல், படகே ஏலத்துக்குப் போய்விடலாம். ஆகவே பருவ முடிவில் எந்தக் கடனும் இல்லாமல் படகைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும், அதற்கு நிலம் உள்ள யாராவது ஒருவரின் ஜாமீன் கையெழுத்தும் கேட்பது அறிவுடைமை.

கொதிகலன் வெடிப்புகளால் பலர் மாண்டதைக் கண்டு 1838இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டமும் இதில் சேரும். படகின் உடலை ஆண்டுக்கொரு முறையும் கொதிகலனை ஆறு மாதத்துக்கொரு முறையும் ஆய்வாளரிடம் காட்டிச் சான்று பெற வேண்டும் என்று அது விதித்தது. நீராவி வெடிப்பில் யாருக்காவது தீங்கு நேர்ந்தால், மறுப்புச் சான்று காட்டும்வரை அது கவனக்குறைவாகவே கொள்ளப்படும் என்றும் சொன்னது. குத்தகைக் காலத்தின் நடுவில் அந்த ஆறு மாதம் முடிந்தால் சான்று பெறும் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இனி நாவூ போன்ற சமயச் சமூகத்துக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். இதே நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் வாழ்ந்த ஹார்மனி சங்கத்தார் சொத்து முழுவதையும் பொதுவில் வைத்தவர்கள். அவர்களிடம் உடையவர், ஓட்டுகிறவர் என்ற பிரிவே சங்கத்துக்குள் எழாது. லாபமும் இழப்பும் ஒரே பெட்டிக்குள் போகும். நாவூ அப்படியன்று. அங்கே ஒவ்வொருவருக்கும் தனிச் சொத்து உண்டு, சமயச் சமூகத்துக்கும் சொத்து உண்டு. 1841 ஜனவரியில் ஜோசப் ஸ்மித் சமூகத்தின் சொத்துகளுக்கு டிரஸ்டியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆக, ஒரே மனிதர் குடும்பத்தலைவர், டிரஸ்டி, சமயத் தலைவர், பின்னர் நகரின் மேயர் என்று பல பொறுப்புகளைத் தாங்கி நின்றார். அவர் ஒரு படகில் பங்கு வாங்கினால், அது அவருடைய பங்கா, சமூகத்தின் பங்கா? ஒரு தாளில் அவர் கையெழுத்திட்டால் எந்தப் பொறுப்பில் இட்டார்? வெளியூர் விறகுக்காரருக்கு இந்த வேறுபாடு தெரியாது. உள்ளூர் நம்பிக்கையாளர்களோ அதைக் கேட்பதே மரியாதைக் குறைவு என்று எண்ணியிருப்பார்கள்.

1843 ஜூன் மாதத்தில் மெய்டு ஆஃப் ஐயோவாவுக்கு வாய்த்த நாட்களைப் பார்த்தால் இது தெளிவாகும். ஜூன் 1ஆம் நாள் நகரமன்றம் ஆற்றைக் கடக்கும் பயணத் துறையின் உரிமையை ஜோசப் ஸ்மித்துக்கு வழங்கியது. நாவூவுக்கும் எதிர்க்கரையிலுள்ள மான்ட்ரோசுக்கும் இடையே ஆட்களைக் கடத்தும் வேலை படகுக்குக் கிடைத்தது. துறையுரிமை வேறு, படகு வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். படகை மட்டும் குத்தகைக்கு எடுத்தவர் துறையுரிமை இல்லாமல் அந்தத் துறையில் கட்டணம் வாங்க முடியாது. ஜூன் 3ஆம் நாள், ஸ்மித் குடும்பமும் நண்பர்களுமாகச் சுமார் 100 பேர் அதே படகில் குவின்சி நகருக்கு உல்லாசப் பயணம் போய் வந்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஸ்மித் டிக்சன் என்ற ஊருக்கருகே கைது செய்யப்பட்ட செய்தி வந்ததும், ஏறத்தாழ 75 பேர் அதே படகில் ஏறி, மிசிசிப்பியில் தெற்கே இறங்கி, இல்லினாய் ஆற்றின் வாய்க்குள் புகுந்து, அவரைத் தேடிக்கொண்டு வடக்கே போனார்கள். அவரை மிசௌரிக்குக் கடத்திச் செல்லும் படகு ஏதேனும் அவ்வழியே வந்தால் தடுப்பது அவர்களுடைய நோக்கம்.

டான் ஜோன்ஸ் பாதி உடையவர், ஸ்மித்தின்மீது ஆழ்ந்த அன்பு கொண்டவர், ஒரு வருடம் கழித்து அவர் கொல்லப்படுவதற்கு முந்திய இரவைக் கார்த்தேஜ் சிறையில் அவரோடு கழித்தவர். ஆகவே அந்தப் பயணத்துக்கு அவர் கணக்குப் பார்க்காமல் புறப்பட்டது வியப்பன்று. ஆனால் அந்த இடத்தில், மாதம் 80 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு, விறகுக்குக் கடன்பட்டு, ஆட்களுக்குச் சம்பளம் பேசிய ஒரு குத்தகைக்காரர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கட்டணமில்லாத அத்தனை நாட்களும் அவருடைய இழப்பு. சமூகத்தின் ஆபத்தில் படகைத் தரமாட்டேன் என்று சொல்லவும் அவரால் முடியாது. தந்துவிட்டு அந்த நாட்களுக்கான குத்தகையைக் கழித்துக்கொள்கிறேன் என்று கேட்கவும் நா எழாது. இதனால்தான், நெருங்கிய சமூகத்துக்குள் எழுதப்படும் குத்தகையில், “உடையவரோ சமூகமோ தம் தேவைக்குப் படகை எடுத்துக்கொள்ளும் நாட்களுக்குக் குத்தகை ஓடாது, விறகுச் செலவு எடுத்துக்கொள்பவருடையது” என்ற ஒரு வரி மற்ற எல்லா வரிகளையும்விட முக்கியமானதென்று நினைக்கிறேன். அன்பு குறைவு என்பதால் எழுதும் வரி அன்று அது. அன்புள்ள இடத்தில் வாய்விட்டுக் கேட்க முடியாது என்பதால் முன்கூட்டியே எழுதி வைக்கும் வரி.

எழுதாமல் விட்ட இழப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நாவூவின் மற்றொரு படகு சாட்சி. டி மாயின் விரைவோட்டத்தில் பாறைகளை உடைத்துக் கப்பல் தடம் அமைக்கும் அரசுப் பணியை மேற்பார்த்தவர், பின்னாளில் உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத்தலைவராகப் பெயர்பெற்ற ராபர்ட் ஈ. லீ. பணி நிதியின்றி நின்றுபோனபோது, அதற்காகப் பயன்பட்ட டி மாயின் என்ற நீராவிப் படகும் இரண்டு கீல்படகுகளும் விற்பனைக்கு வந்தன. 1840 செப்டம்பர் 10ஆம் நாள் நாவூவைச் சேர்ந்த பீட்டர் ஹாஸ் அவற்றை வாங்கினார். ரொக்கம் கொடுக்கவில்லை. அமெரிக்க அரசின் முகவர் என்ற முறையில் லீயின் பெயருக்கு, எட்டு மாதத் தவணையில் 4,866 டாலர் 38 சென்ட் தருவதாக ஒரு புரோநோட்டு எழுதப்பட்டது. ஹாஸுடன் ஹென்றி மில்லர், ஜார்ஜ் மில்லர், ஜோசப் ஸ்மித், அவருடைய அண்ணன் ஹைரம் ஸ்மித் ஆகியோரும் அதில் கையெழுத்திட்டார்கள். படகுக்கு நாவூ என்று புதுப்பெயர் சூட்டினார்கள். அந்த இலையுதிர் காலத்திலேயே, ஆற்றுத் தடம் அறிந்து படகைச் செலுத்த அமர்த்தப்பட்ட பைலட்டுகள் வழக்கமான தடத்தை விட்டுப் படகைப் பாறையிலும் மணலிலும் ஏற்றிவிட்டார்கள் என்று உடையவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பிரதிவாதிகளைக் கண்டுபிடிக்க முடியாமல் அந்த வழக்கு பயனின்றிப் போனது. பணம் சம்பாதிக்கும் என்று நம்பிய படகு சேதமுற்றுக் கிடக்க, புரோநோட்டின் தவணை மட்டும் நாள் தவறாமல் 1841 மே மாதத்தில் வந்து நின்றது.

குத்தகையின் கண்கொண்டு இதைப் பார்த்தால் ஒன்று விளங்கும். அந்த ஐவரும் ஓர் ஆண்டுக்கு அரசிடமிருந்து படகைக் குத்தகைக்கு எடுத்திருந்தால், அவர்களுடைய இழப்பு ஒரு பருவத்தின் வாடகையோடும் சேதத்துக்கான ஈட்டோடும் நின்றிருக்கும். விலைக்கு வாங்கியதால் முழு இழப்பும் அவர்களுடையதாயிற்று; கடனுக்கு வாங்கியதால் படகு பயனற்றுப்போன பிறகும் விலை உயிரோடு இருந்தது; ஐவரும் கையெழுத்திட்டதால் அது ஐவர் வீட்டு வாசலிலும் போய் நின்றது.

1842இல் புதிய கூட்டாட்சித் திவால் சட்டத்தின்கீழ் ஜோசப் ஸ்மித் தம் கடன்களிலிருந்து விடுவிக்கக் கோரி விண்ணப்பித்தபோது, இந்தப் படகுக் கடனுக்காக அமெரிக்க அரசு குறுக்கே நின்றது. அரசு வழக்கறிஞர் ஜஸ்டின் பட்டர்ஃபீல்டு, ஸ்மித் தம் சொத்துகளை டிரஸ்டி என்ற முறையில் தமக்கே மாற்றி எழுதிக்கொண்டார் என்று சொல்லி ஆட்சேபித்தார். எந்தப் பொறுப்பில் இட்ட கையெழுத்து என்ற அந்தப் பழைய கேள்வி இப்படி நீதிமன்றத்தில் வந்து நின்றது. ஹைரமுக்கு விடுதலை கிடைத்தது, ஜோசப்புக்குக் கிடைக்கவில்லை. 1844 ஜூன் 27ஆம் நாள் அண்ணன் தம்பி இருவரும் கார்த்தேஜ் சிறையில் கலவரக் கும்பலால் கொல்லப்பட்டபோதும் அந்த விண்ணப்பம் முடிவாகாமலே கிடந்தது. அரசு விடவில்லை. ஜோசப்பின் பெயரில் இருந்தவையும் டிரஸ்டி என்ற முறையில் அவர் வைத்திருந்தவையுமான நிலங்களின்மீது பின்னர் வழக்குத் தொடுத்தது. 1852இல், மார்மன்களில் பெரும்பாலோர் யூட்டாவுக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆன பிறகு, நாவூவிலும் சுற்றிலும் இருந்த அந்த நிலங்கள் நீதிமன்ற ஆணைப்படி ஏலம் போயின. விற்ற பணத்தில் விதவைக்குரிய பங்காக ஆறில் ஒன்று ஜோசப்பின் மனைவி எம்மா ஸ்மித்துக்குக் கொடுக்கப்பட்டது. மீதியிலிருந்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பாறையில் ஏறிய ஒரு படகின் விலையை அரசு எடுத்துக்கொண்டது.